பிடித்த வரி தானாக அடுத்த வருஷத்துக்குப் போகாது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் 2025 ஏப்ரலில் பேசியது)



வருஷா வருஷம் இந்த மேடையில் கடன் வாங்குவது பற்றிப் பேசுகிறோம், வாங்கிய கடனைக் கட்டுவது பற்றிப் பேசுகிறோம். இந்தத் தடவை, கட்ட வேண்டாத காசு நம்ம கையை விட்டுப் போனால் அதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கூட்டமைப்புக் கணக்கை எழுதுகிறவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரி என்றாலே "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று சிலர் எழுந்து டீ குடிக்கப் போகப் பார்ப்பீர்கள். ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. இது வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானமே இல்லாதவர்களுடைய சமாச்சாரம்.

நம்ம குழுக்களில் ஒன்றில் ஒரு அக்கா இருக்கிறார். பேரைச் சொல்ல வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லு என்றார். வீட்டுக்காரர் இல்லை. அம்மா வீட்டு நிலத்தை விற்றதில் அவர் பங்குக்கு வந்த 9 லட்சத்தை, பிள்ளைக்குக் கல்யாணம் வரும் என்று 2022-ல் வங்கியில் டெபாசிட் போட்டார். வருஷத்துக்கு வட்டி 58,000 சொச்சம். அதோடு தையல் மிஷினில் வருவது. இரண்டையும் சேர்த்தாலும் வருமான வரி வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் வங்கி வட்டியில் பத்து சதவீதம், 5,800 சொச்சம், பிடித்துவிட்டது. முதல் வருஷமும் பிடித்தது, இரண்டாவது வருஷமும் பிடித்தது. இவர் கவுண்டரில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "அடுத்த வருஷம் வரியில சரி பண்ணிக்கலாம்மா."

அக்கா அதை நம்பினார். நம்பினதில் தப்பு சொல்ல முடியாது. ஏனென்றால் அவருக்கு அப்படி ஒரு தடவை நிஜமாகவே நடந்திருக்கிறது.

டவுன் பகுதியில் இருக்கிற உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018-ல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் சொத்து வரியை ஏற்றினார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் வரை ஏறியது. 2019 நவம்பரில் அரசாங்கம் அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. பழைய வரியையே கட்டினால் போதும், ஏற்கெனவே கூடுதலாகக் கட்டினவர்களுக்கு அந்தப் பணம் அடுத்து வரும் அரையாண்டுகளில் ஈடு செய்யப்படும் என்று அறிவித்தார்கள். கணக்கைப் பாருங்கள். அரையாண்டுக்கு 600 கட்டிக்கொண்டிருந்த வீடு 900 கட்டியிருக்கும். மூன்று அரையாண்டு அப்படிக் கட்டியிருந்தால் கூடுதல் 900. பழையபடி 600 ஆனதும், அந்த 900 ஒன்றரை அரையாண்டு வரிக்குச் சரியாகப் போகும். மனு எழுத வேண்டாம், கையில் காசும் வராது. வரிக் கணக்கிலேயே வரவு வைத்துக் கழித்துவிடுவார்கள்.

வீட்டு வரியில் இது சரி. வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு வரி உண்டு, அதனால் கழிப்பதற்கு ஒரு பாக்கி எப்போதும் இருக்கும். ரசீதுகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேட்பு வரும்போது முந்தின ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கட்டியது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை விற்கிறவர்கள் கிரயம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். வரவு அந்த வீட்டின் வரிவிதிப்பு எண்ணில் நிற்கிறது, உங்கள் பேரோடு கூட வராது.

இப்போது வருமான வரிக்கு வருவோம். இங்கே ஒவ்வொரு வருஷக் கணக்கும் தனி. ஏப்ரல் 1-ல் திறந்து மார்ச் 31-ல் மூடுகிற பெட்டி மாதிரி. இந்தப் பெட்டியில் மிஞ்சினது தானாக அடுத்த பெட்டிக்குள் போய் உட்காராது. அதுவும் போகட்டும், அந்த அக்காவுக்கு அடுத்த வருஷமும் வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைக் கழிப்பார்கள்? இந்த ஒரு கேள்வியை அவர் அன்றைக்கே கவுண்டரில் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே வெளிச்சமாகியிருக்கும். யாரும் கேட்பதில்லை, பின்னால் வரிசை நிற்கிறது.

அந்த "அடுத்த வருஷம்" எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். வருமான வரியில் இரண்டு வருஷப் பேர் உண்டு. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நீங்கள் சம்பாதித்தது நிதியாண்டு 2023-24. அந்தச் சம்பாத்தியத்துக்குக் கணக்குக் காட்டுவது அதற்கடுத்த வருஷம், அதை மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்று காகிதத்தில் போடுவார்கள். ஆக, அடுத்த வருஷம் என்பது பாதி உண்மை. அடுத்த வருஷம் நீங்களே போய்க் கணக்குக் காட்டிப் பணத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் முழு உண்மை. அந்தப் பாதியை யாரும் சொல்லவில்லை.

கேட்பது என்றால் ரிட்டர்ன் போடுவது. வேறு வழி இல்லை. வங்கி மேனேஜரால் திருப்பித் தர முடியாது, பிடித்த பணத்தை அவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டியாகிவிட்டது. அவரிடம் சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. டி.டி.எஸ். சான்றிதழை மட்டும் கேட்டு வாங்குங்கள், அது 16ஏ படிவம். கூடவே, உங்கள் பான் எண்ணில் எவ்வளவு வரவு விழுந்திருக்கிறது என்பதை 26ஏ.எஸ். என்ற பதிவில் பார்க்கலாம். வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் கிடைக்கும். அதில் உங்கள் தொகை இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இல்லையென்றால்? பெரும்பாலும் பான் எண்ணை வங்கியில் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அப்போது பத்துக்குப் பதில் இருபது சதவீதம் பிடிப்பார்கள். அது உங்கள் கணக்கில் ஏறவும் ஏறாது. வங்கி தன் டி.டி.எஸ். கணக்கில் உங்கள் பான் எண்ணைச் சேர்த்துத் திருத்தம் தாக்கல் செய்தால்தான் ஏறும். வாயால் கேட்டால் நடக்காது, எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். இன்னொன்று, அண்ணன் தங்கை, அம்மா மகள் என்று இரண்டு பேர் பேரில் டெபாசிட் இருந்தால், முதல் பேர் யாருடையதோ அவர் கணக்கில்தான் வழக்கமாக டி.டி.எஸ். ஏறும். பணம் போட்டது மகள், முதல் பேர் அம்மா என்றால் தேட வேண்டியது அம்மாவின் 26ஏ.எஸ்.

நம்ம அக்கா என்னிடம் வந்தது 2024 நவம்பரில். 2023-24 கணக்குக்கு ஜூலை 31 கெடு முடிந்திருந்தது. ஆனால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். தாமதக் கட்டணம் ஆயிரமாவது கேட்பார்கள் என்று பயந்தார். வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவருக்கு, சட்டம் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதபோது, அந்தக் கட்டணம் கிடையாது. எந்தப் படிவம் என்பதில் கவனம் வேண்டும். வட்டியும் பென்ஷனும் மட்டும் என்றால் சகஜ் என்கிற ஐ.டி.ஆர்.-1. தையல், பெட்டிக்கடை, இட்லிக் கடை என்று சொந்தத் தொழில் வருமானம் இருந்தால் சுகம் என்கிற ஐ.டி.ஆர்.-4. அவசரத்தில் எல்லோருக்கும் சகஜிலேயே போட்டு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள்.

ரிட்டர்ன் போட்ட பிறகு முப்பது நாளைக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போட்ட ரிட்டர்ன் கணக்கில் சேராது. பணம் வர உங்கள் வங்கிக் கணக்கை அந்தத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும். நம்ம ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உதாரணத்துக்கு லட்சுமி என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் வெறும் லட்சுமி. பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியலோடு எம். லட்சுமி. பான் கார்டில் அப்பா பேரோடு சேர்த்து வேறு மாதிரி. கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றிக்கொள்ளச் சொன்ன ஊர், பிற்பாடு வங்கியில் அது தகராறு ஆகும் என்று சொல்லவே இல்லை! கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். அந்த அக்காவுக்கும் இதே கதைதான். கணக்கு சரிபார்ப்பு ஆகவில்லை என்றே வந்தது. பான் கார்டில் உள்ளபடி பாஸ்புக்கில் பேரை மாற்றி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. பான் கார்டை ஆதாரோடு இணைக்காதவர்களுக்கு இன்னும் கஷ்டம். 2023 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட பான் செயலிழந்து கிடக்கிறது, அதில் ரீஃபண்ட் வராது. ஆயிரம் ரூபாய் கட்டித்தான் உயிர் கொடுக்க வேண்டும்.

ஜனவரியில் பணம் வந்தது. முழுத் தொகையும், மேலே கொஞ்சம் வட்டியும். ஆமாம், அரசாங்கமும் வட்டி தரும், மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1-லிருந்தே கணக்கிடுவார்கள், தாமதமாகப் போட்டால் போட்ட தேதியிலிருந்துதான். 5,800-க்கு மாதம் 29 ரூபாய். நம்ம குழுவில் சந்தா பாக்கிக்கு இதைவிடக் கூடுதலாக அபராதம் போடுகிறோம், அது வேறு விஷயம்.

ஆனால் அது இரண்டாவது வருஷப் பணம். முதல் வருஷத்துப் பணம், 2022-23 உடையது, இன்னும் வரவில்லை. அதற்கான தாமத ரிட்டர்னுக்கும் 2023 டிசம்பர் 31-ஓடு கதவு மூடிவிட்டது. அடுத்த வருஷம் கழியும் என்று அவர் காத்திருந்த மாதங்களில்தான் மூடியது. இப்படி மூடிய பிறகும் ஒரு ஜன்னல் இருக்கிறது. தாமதத்தை மன்னித்து ரிட்டர்ன் போட அனுமதி கேட்டு மனு செய்யலாம். 2024 அக்டோபர் 1-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் போட்ட சுற்றறிக்கைப்படி, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் மனு வர வேண்டும். தாமதத்துக்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தாலும் இந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. அக்காவின் மனு போயிருக்கிறது. வீட்டுக்காரர் இல்லாதது, தனக்குச் சொல்லப்பட்டது என்ன, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறார். 5,800 ரூபாய் என்பது அவருக்கு எத்தனை ஜாக்கெட் தைத்த கூலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருமான வரியில் கழித்துக்கொள்வது என்பதே கிடையாதா என்றால், ஒன்று உண்டு. அது முன்னால் போகாது, பின்னால் போகும். உங்கள் பேரில் பழைய வருஷத்து வரி பாக்கி என்று ஏதாவது பதிவாகியிருந்தால், இந்த ரீஃபண்டை எடுத்து அதில் கழிக்கப் போகிறோம் என்று தெரிவிப்பார்கள். அந்தப் பாக்கி சரியா தப்பா என்று பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். அந்தத் தகவல் ரிட்டர்ன் போட்டபோது கொடுத்த இமெயிலுக்கு வரும். இன்டர்நெட் சென்டர்காரர் தன்னுடைய இமெயிலையும் தன்னுடைய போன் நம்பரையும் போட்டுவிட்டால், 21 நாளும் அவர் பெட்டியிலேயே தூங்கிப் போகும். உங்கள் நம்பர், உங்கள் வீட்டுப் பிள்ளையின் இமெயில், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எவ்வளவு ரீஃபண்ட் வருகிறதோ அதில் பங்கு கேட்கிறவர்களிடமும், இல்லாத செலவைக் காட்டிக் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்கிறவர்களிடமும் போகாதீர்கள். பின்னால் நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று போனில் வருவது களவாணிகள் வேலை. ரீஃபண்ட் தருவதற்காக வரித் துறை உங்கள் ஏ.டி.எம். நம்பரைக் கேட்காது.

சாயங்காலக் கூட்டங்களில் என்னிடம் தனியாக வந்து கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ரிட்டர்ன் போட்டா மாசம் ஆயிரம் ரூபாய் நின்னுடுமா?" மகளிர் உரிமைத் தொகையைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பயத்தில் ஆறாயிரம், ஏழாயிரத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். திட்டத்தின் விதி விலக்குவது வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதித்து வருமான வரி கட்டுகிற குடும்பங்களை. உங்களுக்கு வரியே இல்லை என்று காட்டிப் பிடித்ததைத் திரும்ப வாங்குவது அது இல்லை. யாராவது தப்பாகப் புரிந்துகொண்டு நிறுத்தினால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அப்போது உங்கள் வருமானம் இவ்வளவுதான் என்பதற்கு அந்த ரிட்டர்ன் நகலே சாட்சி.

பிடிக்கவே விடாமல் செய்வது இதைவிடச் சுலபம், அதற்குத்தான் இந்த ஏப்ரல் கூட்டத்தில் பேசுகிறேன். மொத்த வருமானத்துக்கு வரி வராது என்பவர்கள் 15ஜி படிவம் கொடுக்க வேண்டும், 60 வயது ஆனவர்கள் 15எச். டெபாசிட் இருக்கிற ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். போன வருஷம் கொடுத்தேனே என்றால் செல்லாது, அந்தப் படிவமும் அடுத்த வருஷத்துக்குப் போகாது. பான் எண் இல்லாமல் கொடுத்தாலும் செல்லாது. இந்த ஏப்ரல் 1 முதல், ஒரு வங்கியில் வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். போன வருஷம் வரை அது 40,000-மும் 50,000-மும். அதனால் சிலருக்கு இந்த வருஷம் பிரச்சினையே வராது. நம்ம அக்காவின் வட்டி 58,000, அவர் கொடுத்தே ஆக வேண்டும். போன வாரமே கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவிட்டார். உண்மையிலேயே வரி வருகிற அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் இதில் கையெழுத்துப் போடக் கூடாது, பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு.

கடைசியாகக் கூட்டமைப்புப் பணம் பற்றி நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து மூன்று வருஷம் ரிட்டர்ன் போடாத கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 20 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக எடுத்தால், மேலே எடுப்பதில் 2 சதவீதம் பிடிப்பார்கள். 35 லட்சம் ரொக்கமாக எடுத்தால் 30,000 போய்விடும். வங்கிச் சீட்டில் 194என் என்று இருக்கும். இதுவும் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வரும். குழுக்களுக்குக் கொடுப்பதைக் கணக்குக்குக் கணக்கு மாற்றுங்கள், ரொக்கமாக எடுத்து மேஜை மேல் எண்ணிக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். ரிட்டர்ன் எந்தத் தேதியில் போடுவது, யார் பொறுப்பு என்று இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன். டெபாசிட் ரசீது, பாஸ்புக், பான், ஆதார் நான்கும் கொண்டு வந்தவர்கள் வாருங்கள், முதலில் நான்கிலும் பேர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 15ஜி, 15எச் படிவங்கள் மேஜையில் இருக்கின்றன.